மரம், மனித முடி, தேங்காயெண்ணெய்

மியூசியத்தில் இருக்கிற வெளிநாட்டுப் பொம்பளை வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறாள் என்று முதலில் சொன்னவர் ஆட்டோ ஓட்டும் சிட்டிபாபு. பொம்பளை என்றால் மரத்தில் செதுக்கிய சிலை. ஆனால் அதற்கு நிஜ முடி, முழங்கால் வரைக்கும். வியாழக்கிழமை வைக்கோல் மாதிரி கிடக்கும் முடி, சனிக்கிழமை போய்ப் பார்த்தால் சிக்கெடுத்து வாரி, பளபளவென்று தொங்குகிறதாம்.

"யாரு வெக்கிறாங்க?"

"யாரும் வெக்கல சார். அதுவே வெச்சிக்குது. எங்க ஸ்டாண்டுல மூணு பேரு பாத்துகீறாங்கோ."

"வெச்சிக்கறத பாத்தாங்களா?"

"வெச்சிக்கினத பாத்தாங்கோ."

திருப்பதியில் வதந்தியைச் சரிபார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 'இன்னிக்கு மலையில கூட்டமே இல்லியாம்' என்பது தினமும் கிளம்பும் வதந்தி; அதைச் சரிபார்க்கப் போனவர்கள் மறுநாள்தான் இறங்கி வருவார்கள். இது அப்படியில்லை. மியூசியத்தில் நிஜமாகவே கூட்டம் கிடையாது.

மாடியில் 'உலகக் கலை' என்று ஓர் அறை. ஜெர்மனியில் முப்பத்தைந்து வருஷம் வைத்தியம் பார்த்த இந்த ஊர் டாக்டர் ஒருவர், பிறந்த மண்ணுக்கு ஏதாவது செய்யப் போவதாக அறிவித்தார். ஊரில் எல்லோரும் ஆஸ்பத்திரியை எதிர்பார்த்தார்கள். அவர் தன் வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். 2015இல் வந்து சேர்ந்தது. பிளாஸ்டரில் வார்த்த கிரேக்க வீரன், கையில்லை. ரோமாபுரிப் பெரியவர் ஒருவரின் தலை, முடியில்லை. ஆப்பிரிக்க முகமூடிகள், ஜப்பான் விசிறி, பல்லைக் காட்டிச் சிரிக்கும் மெக்சிகோ மண்டையோடு. தரிசனம் முடித்து ரயிலுக்கு நேரமிருக்கிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவது இங்கேதான். மொட்டையும் சந்தனமுமாக ரோமாபுரியார் எதிரே நின்று, "பாவம், இவரும் வேண்டுதல முடிச்சிக்கினாரு" என்பார்கள். எந்தச் சிலையின் காலடியிலும் சில்லறை விழும். மண்டையோட்டுக்குக்கூட விழுந்திருக்கிறது.

சிட்டிபாபு சொன்ன சிலை கடைசி மூலையில் இருந்தது. நாம் வருவது பிடிக்காதவளைப் போலச் சுவரைப் பார்த்து, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தால் முகம் செதுக்கப்படவில்லை. பெல்ஜியத்துப் பெண் சிற்பி ஒருவர் செய்தது. டாக்டரின் டிரஸ்ட் இரவலாகக் கொடுத்தது. பக்கத்துப் பலகையில் இங்கிலீஷிலும் தெலுங்கிலும்: மரம், மனித முடி (இந்தியா), 2012.

நான் போனது சனிக்கிழமை. சிட்டிபாபு பொய் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய். அதுவும் வெந்தயம் போட்டுக் காய்ச்சியது.

நாற்காலியில் நீலச்சட்டைக் காவல்காரர் ஒருவர் இருந்தார். பார்வையாளர் கலையைப் பார்க்க வேண்டும், இவர் பார்வையாளரின் கையைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவர் என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோந்துட்டியா சார்?"

"மோந்துட்டேன்."

"போயி சொல்லிருவியா?"

"சொன்னா என்ன ஆகும்?"

"வேல பூடும். அது போனா போவுது. இவகிட்ட வர முடியாம பூடுமே, அதான்."

அவர் பெயர் கருப்பன். பிச்சாட்டூர்ப் பக்கம், ஆரணியாற்று அணையை ஒட்டிய ஊர். அவருடைய அப்பா காலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. இவர் காலத்தில் பட்டாவில் கொஞ்சம் மேட்டு நிலம் கிடைத்தது. மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் கூலி. அப்படிப் பெய்யாத ஒரு வருஷம் திருப்பதிக்கு லோடு இறக்க வந்தபோதுதான் உலகக் கலை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

முதல் பெட்டியில் கிரேக்க வீரன். மூடியைத் திறந்தால் இரண்டு கையும் இல்லை. வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்தார் கருப்பன். பெட்டிக்குள் இருந்த வைக்கோல் முழுவதையும் உதறினார். லாரியில் ஏறித் தேடினார். மத்தியானம் சோறு தின்னப் போகவில்லை. சாயங்காலம் கியூரேட்டர் ஹேமநாத் வந்து, அந்தக் கை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே போய்விட்டது, இது அந்தச் சிலையின் அச்சு என்று விளக்கினார்.

"அப்பயே யாருனா கம்ப்ளைண்ட் குடுத்திருக்கலாமே சார்" என்றாராம் கருப்பன்.

ஹேமநாத் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். பொருள் தொலைந்தால் சோறு இறங்காத ஆள் காவலுக்கு வேறு எங்கே கிடைப்பான்? ஏஜென்சி வழியாக நீலச்சட்டை வந்தது.

ஆனால் கருப்பனிடம் ஏற்கெனவே ஒன்று தொலைந்திருந்தது. ஹேமநாத்துக்கு அது தெரியாது.

பத்மினி. ஒரே மகள். ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்போது வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவுக்கு ஒருத்தி, பிறகு வீட்டுக்கு ஒருத்தி. 2011இல் இவளும் விசாவுக்குக் கொடுத்தாள். அவளுக்கு முடி முழங்கால் வரை. வெள்ளிக்கிழமை அவளைத் தலைக்குக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். தண்ணீர் ஊற்றுவது அம்மா செல்லியம்மா. முடி தரையில் படாமல் ஏந்திக்கொண்டு நிற்பது கருப்பன்.

காரியம் நடந்த பிறகு முடி கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. பத்மினி மாற்றிச் செய்தாள். விசா கைக்கு வந்த வாரமே மலையேறி, மொட்டையடிக்கும் கல்யாணக்கட்டாவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டு வந்து குடுக்கலாம்டி. வெறுந்தலையோடயா அயலூர் போவாங்கோ?" என்று செல்லியம்மா கத்தினாள்.

"முழுசா குடுத்தா முழுசா வந்து சேருவேன்மா."

"பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்கோ?"

"அங்க முக்காடு போட்டுக்கினுதான் இருக்கணும். எவன் பாக்கப் போறான்? நீ இன்னா நைனா சொல்ற?"

நாவிதர் பின்னலை ரப்பர் போட்டுக் கட்டி, அடியோடு இறக்கி, பக்கத்தில் இருந்த கூடையில் போட்டதை நைனா பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இடது காதுக்கு மேலே ஒரு மச்சம் இருப்பது அன்றுதான் மூன்று பேருக்கும் தெரிந்தது.

குவைத்திலிருந்து மாதம் ஒரு தரம் போன் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். 2013 ஆடி மாதத்தோடு நின்றது. வேலை செய்த வீட்டிலிருந்து போய்விட்டாள் என்று அங்கிருந்து திரும்பி வந்த ஒருத்தி சொன்னாள். வேறு ஊரில் பார்த்தேன் என்று இன்னொருத்தி. அனுப்பி வைத்த ஏஜெண்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. கருப்பன் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறி, மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி அர்ஜி கொடுத்தார். கொடுக்கிற ஒவ்வொரு அர்ஜிக்கும் ஒரு நம்பர் கிடைத்தது. பத்மினிக்கு இப்போது பதினாறு நம்பர் இருக்கிறது, விலாசம்தான் இல்லை. வீட்டில் போன் அடித்தால் செல்லியம்மா எடுப்பதில்லை. கருப்பன் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் அவர் நீலச்சட்டை போட்டுக்கொண்டு உலகக் கலைக்குக் காவல் உட்கார்ந்தார்.

மியூசியத்தில் வழிகாட்டி வேலை பார்ப்பவள் ஹரிதா. சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவள். வழிகாட்ட ஆள் வராத நாட்களில் கருப்பனுக்கே வழிகாட்டுவாள். தினம் ஒரு பலகையைப் படித்துச் சொல்வது. அவரை 'பாபாய்' என்று கூப்பிடுவாள், தெலுங்கில் சித்தப்பா. வீரன், ரோமாபுரியார், முகமூடிகள் எல்லாம் தாண்டி மூலைக்கு வர அவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

"மனித முடின்னா இன்னாம்மா?"

"பொண்ணுங்க முடிதான் பாபாய். மலையில குடுக்குற முடி ஏலத்துல போவுதில்ல? கப்பல் ஏறிப் போயி விக்கு செய்வாங்க. அந்த மாதிரி எங்கியாச்சும் வாங்கியிருப்பாங்க."

"எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டு."

கருப்பன் அன்றைக்கு அந்த மூலைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தார். முழங்கால் நீளம். நுனியில் செம்பட்டை. அவர் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு முடியை இப்படித்தான் ஆக்கும்.

இது பத்மினியின் முடி என்று அவர் சொன்னதும் ஹரிதா பயந்துவிட்டாள். விவரமாக எடுத்துச் சொன்னாள்: மலையிலிருந்து போகிற முடி டன் கணக்கு, அதைக் கழுவுவார்கள், தரம் பிரிப்பார்கள், சாயம் போடுவார்கள். இந்த ஒரு தலையில் இருநூறு பெண்களுடைய முடி கலந்திருக்கும்.

"இருநூறு பேரா?"

"கம்மியா சொல்றேன் பாபாய்."

"அந்த இருநூறு பேருல எங்க பொண்ணு இல்லன்னு எழுதித் தருவாங்களா?"

பதினாறு அர்ஜி கொடுத்த மனுஷனின் கேள்வி.

அவரைக் கலக்கியது முடி கிடைத்ததல்ல. அது திரும்பி வந்ததுதான். இதை அவர் எனக்கு மியூசியத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"சாமிக்கி குடுத்தாச்சி. குடுத்தத யாருனா பாக்கறாங்களா, அது எங்க போவுது வருதுன்னு? இது கடல் தாண்டிப் போயி, அத்தினி ஊர உட்டுட்டு, நான் குந்திக்கினு கீற ரூமுக்கே வந்து நிக்கிது. இன்னா அர்த்தம்? எனக்கு வாணாம், நீயே வெச்சிக்கோன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அதான் அவ வரல. திருப்பிக் கொண்டும்போயி குடுத்துட்டா வந்துருவா."

"எண்ணெய் எதுக்கு?"

"அழுக்கும் சிக்குமாவா சார் சாமிக்கி குடுப்பாங்கோ?"

எண்ணெயைக் காய்ச்சித் தந்தது செல்லியம்மா. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வெந்தயம் போட்டதும் அவளாகத்தான்.

அவரைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவு திறக்கும் முன்பு, ஹேமநாத் தன் அறையில் கேமராத் திரையைத் தற்செயலாகப் பார்த்தார். ஓடி வந்தார்.

"கருப்பா! ஏமிய்யா இதி? ஏம் பண்ணிக்கினு இருக்கே?"

"சிக்கு எடுத்துக்கினு இருக்கேன் சார்."

"ஆர்ட் ஒர்க்யா அது! யூரோப்காரன் சொத்து!"

"முடி நம்முளுதுன்னு போர்டுல போட்டுகீதே சார்."

சஸ்பெண்ட். ஹேமநாத் நாலு பக்கம் அறிக்கை எழுதினார். அதில் கருப்பன் 'உயிரியல் அபாயம்' என்று குறிப்பிடப்பட்டிருந்தார். அறிக்கை டிரஸ்டுக்குப் போனது, அங்கிருந்து சிற்பிக்குப் போனது. நஷ்ட ஈடு எவ்வளவு வருமோ என்று ஹேமநாத் தூக்கமில்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் சிற்பி வீடியோவில் வந்தார். அழுதார். இந்தப் படைப்பில் ஏதோ குறைகிறது என்று இத்தனை வருஷமாகத் தவித்தாராம். குறைந்தது எண்ணெய்தான் என்று இன்றைக்குத் தெரிந்ததாம். படைப்பு முழுமை பெற்றுவிட்டது, யாரும் அதைக் கழுவக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் பலகை மாறியது. மரம், மனித முடி (இந்தியா), தேங்காயெண்ணெய். வெந்தயத்தை விட்டுவிட்டார்கள்.

மெமோ கொடுத்த கையாலேயே ஹேமநாத் பொன்னாடை போர்த்தினார். இனி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பார்வையாளர் முன்னிலையில் எண்ணெய் வைக்க வேண்டும், நிகழ்ச்சியின் பெயர் 'பராமரிப்பு', செல்போன் அனுமதி. கருப்பன் ஒப்புக்கொண்டார், கிட்டப் போக வேறு வழியில்லை. ஐம்பது மொட்டைத் தலைகள் சூழ்ந்து நிற்க, அவர் முடியை வாரினார். யாருக்கும் முகம் காட்டவில்லை. அவரும் சுவரைப் பார்த்தே நின்றார்.

"எந்த ஊரு அம்மன் இது?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"அம்மன் இல்ல பாட்டி. ஆர்ட்டு" என்றாள் ஹரிதா.

"ஓ" என்று கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு கருப்பன் ஹேமநாத்தின் அறை வாசலில் போய் நின்றார். முழுமொட்டை போட்டுக்கொள்ளாத பெண்களுக்கு மலையில் ஒரு வழக்கம் உண்டு. நுனி முடியில் மூன்று வெட்டு. மூணு கத்திரி என்பார்கள். அவ்வளவு கொடுத்தாலும் முடி கொடுத்த கணக்குதான்.

"மொத்தமும் கேக்கல சார். மூணு கத்திரி. வெரக்கடை நீளம்."

"எதுக்குய்யா?"

கருப்பன் அப்போதுதான் அவரிடம் பத்மினியைப் பற்றிச் சொன்னார். ஹேமநாத் கெட்ட மனிதரில்லை. அவர் மகனும் கடல் தாண்டித்தான் இருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் திரையில் வந்து உட்காருகிறவன். கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஹரிதாவைக் கூப்பிட்டு இங்கிலீஷில் எழுதச் சொன்னார்.

சிற்பி உடனே சரி என்றார். டிரஸ்ட், இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்டது. கம்பெனி வக்கீல்களைக் கேட்டது. பதில் வந்தது: எண்ணெய் சேர்ப்பது படைப்பின் வளர்ச்சி, முடியை வெட்டுவது படைப்புக்குச் சேதம். சேர்த்தால் கலை, எடுத்தால் குற்றம்.

இதற்குள் எண்ணெய்ச் செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்து, அங்கே ஒரு பெரிய மியூசியம் அந்தச் சிலையைக் கண்காட்சிக்குக் கேட்டுவிட்டது. 2018 தை மாதம் பெட்டி செய்ய ஆள் வந்தார்கள். கலைப்பொருளைத் தூக்கிப் பழகியவர் அந்தக் கட்டடத்திலேயே ஒருவர்தான். கருப்பனையே கட்டச் சொன்னார்கள்.

அன்று காலை பத்து மணி. அறையில் கருப்பனும் ஹரிதாவும் மட்டும். பெட்டிக்குள் முடி சிக்கிக்கொள்ளக் கூடாது என்று அவர் பின்னல் போட ஆரம்பித்தார். ஹரிதா தன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து முக்காலியின் ஓரத்தில் வைத்தாள். கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாபாய், அஞ்சு நிமிசம்" என்றாள்.

பின்னி முடிக்கிற நேரமாயிற்று. கத்தரிக்கோல் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் பின்னலின் நுனியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஏன் பாபாய்?"

"நல்லபடியா குடுத்ததயே திருப்பி அனுப்பிட்டாரு. திருடிக்கினு போயி போட்டா எடுத்துக்குவாராம்மா?"

"இது போயிட்டா எப்ப வரும்னு தெரியாது. வராமயே போயிடலாம். வெட்டுங்க."

"வாணாம். அப்புறம் அவளும் நேர்வழியில வரமாட்டா."

ஹரிதா ஒயரைத் திரும்பச் செருகினாள். அவர் முடியை மடித்து, பருத்தித் துணியில் சுற்றி, பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் பஞ்சு வைத்தார். மூடியில் ஆணி அடிக்கும்போது மட்டும் ஹேமநாத் வேறு ஆளைக் கூப்பிட்டார். கருப்பன் கேட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும் என்று ஹேமநாத்துக்கு இருக்கவில்லை.

சிலை போவதற்கு முன் கருப்பன் ஒரு கடிதம் கேட்டார். மியூசியத்தின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு: 'படைப்பு இரவல் முடிந்து திரும்பியதும், மூன்று கத்தரிப்பு குறித்த தங்கள் வேண்டுகோள் பரிசீலிக்கப்படும்.' அதிலும் ஒரு நம்பர் போட்டார்கள்.

சிலை ஆறு மாதத்தில் வர வேண்டியது. முதல் ஊரில் நல்ல கூட்டம், அடுத்த ஊர் கேட்டது, அதற்கடுத்து இன்னொன்று. எந்த ஊரிலும் அவளுக்கு விசா பிரச்சினை வந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் சிற்பி படம் எடுத்து அனுப்புகிறார். ஹரிதா தன் போனில் காட்டுகிறாள். இப்போது எண்ணெய் வைப்பது வேறு யாரோ. பின்னலை அவிழ்த்துவிட்டார்கள்.

"இவளாச்சும் போற எடத்த சொல்லிக்கினு போறா" என்றார் கருப்பன், ஒருநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே.

போன புரட்டாசியில் அவர் மலையேறினார். கல்யாணக்கட்டாவில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார். முறை வந்தது. நாவிதர் தலையை நனைக்கச் சொம்பை எடுத்தார்.

"எனக்கில்லப்பா. பொண்ணு பேருல மூணு கத்திரி பாக்கி கீது. முடி வெளியூரு போயிகீது. வந்ததும் கொண்டாந்து குடுத்துர்றேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நாவிதர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, டோக்கன நீயே வெச்சிக்கோ. வரும்போது எடுத்துக்கினு வா" என்றார். "அடுத்த ஆளு."